டோனி அயோமியின் வலது கை



இசையும் கைவினையும் என்ற பொருளில் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். வீணைத் தச்சரைப் பற்றியோ, நாகசுரம் கடைபவரைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக் கிட்டார்க்காரர் ஒருவரைப் பற்றி. பெயர் டோனி அயோமி. பிளாக் சப்பாத் என்ற குழுவின் கிட்டார்க்காரர். ஹெவி மெட்டல் என்று உலகம் இன்று சொல்லும் இசைக்கு அடித்தளம் போட்டவர் யார் என்று அந்த இசையை வாசிப்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலோர் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒலிபெருக்கியில் எதையும் போட்டுக்காட்டும் எண்ணம் எனக்கு இல்லை.

இவரைப் பற்றி ஒரு கதை எங்கும் உலவுகிறது. தொழிற்சாலை விபத்தில் ஒரு பையனுக்கு விரல்நுனிகள் போயின. விரல் வலித்ததால் தந்திகளைத் தளர்த்தினான். தளர்ந்த தந்தியிலிருந்து கனத்த ஒலி வந்தது. ஹெவி மெட்டல் பிறந்துவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மை. மீதிப் பாதி தவறு என்பது மட்டுமல்ல, அந்த மனிதரின் உழைப்பையே மறைத்துவிடுகிறது. அந்த மீதியைத்தான் இன்று எடுத்துப் பேசப்போகிறேன்.

அயோமி 1948 பிப்ரவரி 19 அன்று பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்தார். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம்; ஒரே பிள்ளை. குடும்பத்துக்கு ஐஸ்கிரீம் வியாபாரம் இருந்தது. பிறகு பெற்றோர் ஆஸ்டன் பகுதியில் ஒரு கடை நடத்தினார்கள். பர்மிங்காம் உலோக நகரம். துப்பாக்கியும் ஆணியும் பேனா முள்ளும் மோட்டார் உதிரிபாகமும் செய்து பிழைத்த ஊர். போரில் ஜெர்மன் குண்டுகளால் இடிந்த கட்டடங்கள் அவருடைய சிறுவயதிலும் அப்படியே கிடந்தன. பட்டறை ஓசைதான் பின்னாளில் அந்த இசையாக மாறியது என்று எழுதுவோர் உண்டு. அந்தக் குழுவினரே அப்படிப் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சம்மட்டி ஓசை போதுமென்றால் உலகத்தில் எஃகு உருக்கிய ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிளாக் சப்பாத் தோன்றியிருக்க வேண்டும். பர்மிங்காம் அவருக்குக் கொடுத்தது ஓசையைவிட உருப்படியான ஒன்று. ஒரு பொருள் கைக்குப் பொருந்தவில்லை என்றால் அதை அறுத்து, உருக்கி, தேய்த்துப் பொருந்தவைக்கலாம் என்ற பழக்கம்.

சிறுவனுக்கு டிரம்ஸ் மீதுதான் ஆசை. சத்தம் வீட்டில் தாங்காது என்று அக்கார்டியன் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு தி ஷாடோஸ் குழுவின் ஹாங்க் மார்வினைக் கேட்டுக் கிட்டாருக்கு வந்தார். அயோமி இடதுகைக்காரர். அதாவது இடது கையால் மீட்டுவார். வலது கை விரல்கள்தான் கிட்டார்க் கழுத்தில் தந்திகளை அழுத்தும். நடக்கப்போவதைப் புரிந்துகொள்ள இந்த விவரம் முக்கியம்.

ஆண்டு 1965. வயது 17. தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் வேலை. அதே சமயம் ஒரு இசைக்குழுவுடன் ஜெர்மனிக்குப் போகும் வாய்ப்பு வந்துவிட்டது. வேலையை விட்டாயிற்று, அன்றுதான் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிமேல் போகவில்லை என்றார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினார். அன்று தகட்டை வளைத்துக் கொடுக்கும் பெண் வேலைக்கு வரவில்லை. அயோமி இயக்கிப் பழகாத அந்த பிரஸ்ஸில் அவரை நிறுத்தினார்கள். இயந்திரம் வலது கையின் மீது இறங்கியது. வலியில் கையைச் சட்டென்று இழுத்தார். அந்த இழுப்பில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன. கிட்டாரை மறந்துவிடு என்றுதான் மருத்துவர்கள் சொன்னார்கள்.

பழகாத ஒரு பையனை அன்று அந்த இயந்திரத்தில் நிறுத்தியதைப் பற்றி இந்தக் கதையைச் சொல்பவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விபத்தை ஒரு வரம் போலப் பாடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு பிரஸ்ஸில் விரல் போயிருக்கிறது. அவர்களில் யாரும் இசைமேதை ஆகவில்லை, வேலைதான் போனது.

மனமுடைந்து கிடந்த அவரைப் பார்க்கத் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டுடன் வந்தார். கேட்க மனமில்லை என்றவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைத்தார். நன்றாக வாசிக்கிறார் என்று அயோமி சொன்ன பிறகுதான் விஷயத்தை உடைத்தார்: இவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக வேலை செய்யாது. அந்த இசைத்தட்டு ஜாங்கோ ரைன்ஹார்ட்டுடையது. நாடோடி ரோமானிக் குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சு ஜாஸ் மேதை. 1928இல் வண்டிவீடு தீப்பற்றியதில் கை கருகியவர்.

ஜாங்கோவிடமிருந்து அயோமி பெற்றது தைரியம் மட்டும்தான் என்பது என் கருத்து. வழிமுறை வேறு. ஜாங்கோ பெரும்பாலும் மீந்த இரண்டு விரல்களாலேயே மெலடி வாசிக்கக் கற்றுக்கொண்டார். அயோமியோ போன விரல்களையும் தந்திக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். வலதுகைக்காரராக மாறிக் கையை மாற்றிப் பிடித்திருக்கலாம். சில ஆண்டுகள் பழகியதை முதலிலிருந்து தொடங்க அவருக்கு மனம் வரவில்லை.

அவர் செய்தது இது. பாத்திரம் கழுவும் ஃபேரி லிக்விட் பாட்டில் ஒன்றை எடுத்து உருக்கினார். இளகிய பிளாஸ்டிக்கை உருண்டையாக்கி ஆறவிட்டார். சோல்டரிங் அயர்னால் அதில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டார். உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்த்து விரல்நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மாட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்குகிறது. பல துணிகளையும் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி ஒட்டினார். தோல் மிகவும் சொரசொரப்பாக இருந்தால் தந்தியில் சிக்கிக்கொள்ளும். மழமழப்பாக இருந்தால் நழுவும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் வரும்வரை தேய்க்க வேண்டும். பிற்காலத்தில் மருத்துவமனையில் செய்த உறைகள் கிடைத்தன. மேலே தோல் ஒட்டும் வேலையை மட்டும் அவர் விடவில்லை.

உறை மாட்டிய விரலுக்குத் தந்தி தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம், எங்கே அழுத்துகிறோம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஆகவே ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் வேலை கூடியது. அடுத்த சிக்கல் தந்தி. அந்தக் காலத்துக் கிட்டார்த் தந்திகள் தடிமனானவை. அழுத்த வலு வேண்டும். மெல்லிய தந்திக்கட்டு அவருக்குக் கடையில் கிடைக்கவில்லை. பாஞ்சோவின் தந்திகளை வாங்கி மேல் ஸ்தாயிக்குப் போட்டார். கிட்டார்த் தந்திகளை ஒவ்வோர் இடம் கீழே தள்ளிப் பூட்டினார். மெல்லிய தந்தி செய்து கொடுங்கள் என்று தந்தி செய்பவர்களைக் கேட்டபோது, யாரும் வாங்கமாட்டார்கள் என்றார்கள். கடைசியில் பிக்காட்டோ என்ற வேல்ஸ் நாட்டு நிறுவனம் செய்து கொடுத்தது. இன்று உலகத்தின் எந்தக் கிட்டார்க் கடையிலும் மெல்லிய தந்திக்கட்டு தொங்குகிறது.

இனி, தந்தியைத் தளர்த்தினார் என்ற கதைக்கு வருகிறேன். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. விபத்து 1965இல். பிளாக் சப்பாத்தின் முதல் இரண்டு ஆல்பங்கள் 1970இல் வெளிவந்தன. 'அயர்ன் மேன்', 'வார் பிக்ஸ்', குழுவின் பெயரையே தாங்கிய 'பிளாக் சப்பாத்' எல்லாம் அவற்றில்தான் உள்ளன. இவை அனைத்தும் வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டவை. கிட்டாரின் அடித்தந்தி மூன்று கட்டையில் இருக்கிறது. தந்தியைக் கீழே இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான். ஆக, தளர்ந்த தந்தி வருவதற்கு முன்பே கனம் வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது?

சங்கீதம் தெரிந்தவர்கள் நிறைந்த அவை என்பதால் சொல்கிறேன். முதலாவது, அயோமி பெரும்பாலும் கையாள்வது மூன்று சுரம் சேர்ந்த முழுக் கார்டு அல்ல. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும். நம் தம்புராவில் ஒலிக்கும் அதே இணை. மேற்கில் இதை பவர் கார்டு என்பார்கள். இதை இவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வது பொய்யாகும். அவருக்கு முன்பே பலர் வாசித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு விரல்கள் சரியாக இல்லாத கைக்கு இது இயல்பாகப் பொருந்தியது. அவர் முழு இசையையும் இதன்மேல் கட்டினார். ஆம்ப்ளிஃபயரை முறுக்கி ஒலியைக் கரகரப்பாக்கும்போது காந்தாரமும் சேர்ந்தால் சேறு கலக்கியது போலாகிவிடும். ஷட்ஜ-பஞ்சமம் மட்டும் இருந்தால் தெளிவு நிற்கும். அதோடு இன்னொன்றும் நடக்கும். இரண்டு சுரங்களின் அதிர்வெண்களும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருப்பவை. கரகரப்பு அவற்றின் வித்தியாசத்தையும் ஒலியாக எழுப்பும். மூன்றிலிருந்து இரண்டு போனால் ஒன்று. அது வாசித்த ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஷட்ஜம். யாரும் வாசிக்காத மந்திர ஷட்ஜம் அடியில் உறுமுகிறது. கனத்தின் பெரும்பங்கு அங்கே இருக்கிறது.

இரண்டாவது, சுரத் தேர்வு. 'பிளாக் சப்பாத்' பாடலின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கட்டையில் ஷட்ஜம். அடுத்து மேல் ஷட்ஜம். அங்கிருந்து இறங்கி பிரதி மத்தியமத்தில் நின்று நடுங்குகிறது. மூன்றே சுரம். கல்யாணியில் இதே பிரதி மத்தியமம் நமக்கு இனிக்கிறது. பக்கத்தில் பஞ்சமமும் காந்தாரமும் இருந்து தாங்குகின்றன. இங்கே தாங்க ஆள் இல்லை. பஞ்சமத்துக்குப் போகாமல் அப்படியே விட்டுவிடுகிறார். கேட்பவர் வயிற்றில் ஒரு கலக்கம் வருகிறது. இந்த இடைவெளியைச் சாத்தானின் சுரம் என்று இடைக்காலக் கிறிஸ்தவத் திருச்சபை தடைசெய்திருந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். அப்படித் தடை இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. நடந்தது இவ்வளவுதான்: குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் 'செவ்வாய்' இசைப்பகுதியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட அயோமி மறுநாள் இந்த மூன்று சுரத்துடன் வந்தார்.

மூன்றாவது, வேகம். அந்தக் காலத்து ராக் குழுக்கள் ஓடிக்கொண்டிருந்தபோது இவர்கள் நடந்தார்கள். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இடம் விட்டார்கள்.

1971இல் சுருதி இறங்கியதற்கு வருவோம். மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு, அதாவது மூன்று அரைச்சுரம் கீழே. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. இந்த இறக்கத்தில் இழுவிசை ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. உறை மாட்டிய விரலுக்குப் பெரிய ஆறுதல். கூடவே ஒலியும் இருண்டது. பட்லரும் தன் பேஸைச் சேர்த்து இறக்கினார். 'சில்ரன் ஆஃப் தி கிரேவ்', 'இன்டு தி வாய்ட்' இரண்டும் இந்தச் சுருதியில்தான். வலியைக் குறைக்க எடுத்த ஏற்பாடு அழகாகவும் அமைந்தது என்பது உண்மை. ஆனால் அதை எடுக்க ஆறு ஆண்டு ஆயிற்று. அதற்குள் அவர் தன் இசை எது என்று தெரிந்துகொண்டுவிட்டார்.

அந்த ஆறு ஆண்டில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968இல் அயோமியும் டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டும் பாடகர் தேடினார்கள். இசைக்கருவிக் கடையில் ஓஸி என்ற பெயரில் ஒரு விளம்பரம். பள்ளியில் அயோமிக்கு ஓராண்டு இளையவனாக ஒரு ஓஸி இருந்தான். அவனாக மட்டும் இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கதவைத் தட்டினார். அவனேதான். ஓஸி ஆஸ்பர்ன் அதற்குள் இறைச்சிக் கொட்டடியிலும், கார் ஹாரன்களைச் சோதிக்கும் இடத்திலும் வேலை பார்த்து, திருட்டு வழக்கில் சில வாரம் சிறையும் இருந்துவிட்டு வந்திருந்தார். நால்வர் சேர்ந்த குழு எர்த் என்ற பெயரில் வாசித்தது. அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால் பெயரை மாற்ற வேண்டி வந்தது. 1963ஆம் ஆண்டுப் பேய்ப்படம் ஒன்றின் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள்.

நடுவில் 1968 டிசம்பரில் அயோமி ஜெத்ரோ டல் என்ற பெரிய குழுவுக்குப் போனார். ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய 'ராக் அண்ட் ரோல் சர்க்கஸ்' படப்பிடிப்பில் அந்தக் குழுவோடு அவர் நிற்பதை இன்றும் பார்க்கலாம். சில வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு ராகமோ உத்தியோ அல்ல. காலை 9 மணிக்கு ஒத்திகை தொடங்க வேண்டும் என்ற விதி. பகலில் எழுந்திருக்கும் வழக்கமே இல்லாத பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஒத்திகையில் உட்காரவைத்தார். பிளாக் சப்பாத் உருவானதில் பிரஸ்ஸுக்கு உள்ள பங்கைவிட இந்த 9 மணிக்கு அதிகப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். ஒத்திகை அவ்வளவு கெட்டியாக இருந்தது. பதிவின் நடுவே அயோமியின் ஃபெண்டர் கிட்டார் மக்கர் செய்தது. பையில் மாற்றுக்கு வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்தார். பிறகு எஸ்ஜி வடிவத்தை விடவே இல்லை. ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. விமர்சகர்கள் அடித்துத் துவைத்தார்கள். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் எழுதியது அவற்றில் பேர்போனது. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் அது எட்டாம் இடம் வரை போனது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்' முதலிடம். தலைப்புப் பாடல், ஆல்பத்தில் இடம் மிஞ்சியதால் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த இடைவெளியில் அயோமி போட்டது. வியட்நாம் போரைத் தாக்கும் 'வார் பிக்ஸ்' என்ற பெயரைத்தான் ஆல்பத்துக்கு வைக்க நினைத்திருந்தார்கள். பெயர் மாறியது, வாளும் கேடயமுமாக ஓடிவரும் ஆளின் அட்டைப்படம் மட்டும் பொருந்தாமல் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த பத்தாண்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பணம் வந்தது, நிர்வாகத்தோடு வழக்கு வந்தது, கோகெய்ன் வந்தது. ஓஸி 1979இல் வெளியேற்றப்பட்டார். ரோனி ஜேம்ஸ் டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' 1980இல் வந்தது. என் கணிப்பில் அயோமியின் வாசிப்பு மிக விரிவாக, மிக நிதானமாக வெளிப்பட்டது இதில்தான். டியோவின் குரல் கிட்டாரோடு ஒட்டிப் பாடாமல் தனி வழியில் போகும். அதனால் கிட்டாருக்கும் இடம் கிடைத்தது.

அதன்பின் சரிவு. பாடகர்கள் வந்தார்கள், போனார்கள். 1983 சுற்றுப்பயணத்துக்கு ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் போல ஒரு அரங்க அமைப்பு. அடிக்கணக்கு மீட்டர்க்கணக்காகிவிட்டதால் பல அரங்குகளில் அது நுழையவே இல்லை என்று குழுவினரே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அயோமி தனி ஆல்பமாகத் திட்டமிட்ட 'செவன்த் ஸ்டார்', இசைத்தட்டு நிறுவனத்தின் வற்புறுத்தலால் 1986இல் பிளாக் சப்பாத் பெயரிலேயே வந்தது. பெயரை விட்டுவிடு என்று அப்போது பலரும் சொன்னார்கள். அந்தச் சரிவுக் காலத்தில் வந்தவற்றில் சில சாதாரணமானவை. டோனி மார்ட்டின் பாடிய 'ஹெட்லெஸ் கிராஸ்' போன்ற ஒன்றிரண்டு நியாயமில்லாமல் மறக்கப்பட்டவை. குழுவின் 19 ஸ்டூடியோ ஆல்பங்களிலும் வாசித்த ஒரே ஆள் அயோமி. அரங்கம் பாதி காலியாக இருந்த ஆண்டுகளிலும் அவர் புதிய கிட்டார் மெட்டுகளைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

2012 ஜனவரியில் அவருக்கு லிம்போமா புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவே பதிவு, பதிவுக்கு நடுவே சிகிச்சை என்று 2013இல் '13' என்ற ஆல்பம் வந்தது. இங்கிலாந்தில் 'பாரனாய்ட்'டுக்குப் பிறகு முதல் முறையாக முதலிடம். அமெரிக்காவில் அதுவே முதல் முதலிடம். 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் கடைசிச் சுற்றுப்பயணம் முடிந்தது. ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தால், அதே ஆண்டு பர்மிங்காம் தேவாலயத்துக்காகப் பாடகர் குழு இசை ஒன்றை எழுதி வைத்திருந்தார். 2023இல் பர்மிங்காம் ராயல் பாலே, பிளாக் சப்பாத் இசைக்கு முழுநீள நடனம் அமைத்தது. சாத்தான் கும்பல் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஊர் கொடுத்த மரியாதை இது. அயோமியும் மேடைக்கு வந்து வாசித்தார்.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், 20 ஆண்டுக்குப் பிறகு தொடக்ககால நால்வரும் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள். அயோமிக்கு வயது 77. ஓஸியால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்து பாடினார். வாசித்த பாடல்கள் நான்கு. நான்கும் 1970இல் வெளிவந்தவை. ஜூலை 22 அன்று ஓஸி இறந்தார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் இவரைத் தேடிக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் 'பிளாக் சப்பாத்' பாடலின் தொடக்கம், அடுத்து 'இன்டு தி வாய்ட்', பிறகு 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற வரிசையில் கேளுங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிய அடித்தந்தியின் அதிர்வெண் விநாடிக்கு 69 சுற்று. அந்தச் சின்னப் பெட்டியில் அது வெளியே வராது. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் போதும், முன்வரிசைப் பெரியவர்களுக்கும் தொந்தரவு இருக்காது.